வரிசையும் எண்ணிக்கையும்

சலவைக்குச் சென்ற துணிகள் மூட்டையாகக் கட்டப்பட்டு வீடு திரும்புகின்றன. வீட்டிலே ஒரு குறிப்பேடு இருக்கிறது. வேட்டி 4, சட்டை 6, துண்டு 3 என்று அதில் எழுதியிருக்கிறது. மூட்டையை அவிழ்த்துச் சரிபார்க்கும் அம்மையார், முதலில் வேட்டி வந்ததா, அதற்குப் பின் சட்டை வந்ததா என்று ஆராய்வதில்லை. துண்டு மேலே இருந்தாலும் சரி, அடியில் இருந்தாலும் சரி, 3 துண்டு வந்ததா என்பதே அவர் கேள்வி. அதே சமயத்தில், 'வேட்டி என்று ஒன்று வந்திருக்கிறது, ஆகவே வேட்டிக் கணக்குச் சரி' என்றும் அவர் சொல்லிவிடமாட்டார். 4 கொடுத்த இடத்தில் 3 வந்தால் அது குறைதான். வரிசையைப் பொருட்படுத்தாமை, எண்ணிக்கையைப் பொருட்படுத்துதல் என்ற இரண்டும் அவர் செய்கையில் இயல்பாகவே கூடியிருக்கின்றன.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் இதே வேலையை நாள்தோறும் செய்கின்றனர். ஆயினும் அவர்களிற் பலர் இந்த இரண்டில் ஒன்றைக் கைவிட்டு விடுகின்றனர். வரிசையைப் பற்றிக்கொண்டு தேவையற்ற இடத்தில் குறை காண்பார் சிலர். எண்ணிக்கையை நழுவவிட்டு, உண்மையான குறையைக் காணாமற் போவார் சிலர்.

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொடர். எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய வேண்டுமன்றோ? முன்னாளில் மனிதரே உட்கார்ந்து, ஒன்றைக் கொடுத்து, வெளிவருவதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தனர். இப்பொழுது அந்தச் சோதனையையும் ஒரு நிரலாகவே எழுதி விடுகின்றனர். இதனைத் தானியங்கிச் சோதனை என்கிறோம். கென்ட் பெக் என்ற அமெரிக்க நிரலாளர் 1994-ஆம் ஆண்டில் ஸ்மால்டாக் என்னும் கணிப்பொறி மொழிக்கு இத்தகைய சோதனைகளை எழுதும் எளிய முறை ஒன்றை வகுத்து வெளியிட்டார். 1997-இல் அவரும் எரிக் காமா என்பவரும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்திலேயே அமர்ந்து, ஜாவா மொழிக்கு உரிய ஜேயூனிட் என்னும் சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை எழுதினர். இன்று பெயர்பெற்ற கணிப்பொறி மொழி எதுவாயினும் அதற்கு இத்தகைய கருவி ஒன்றேனும் இல்லாமல் இராது.

இக்கருவிகள் அனைத்திற்கும் அடிப்படையான செயல் ஒன்றுதான். எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது, இரண்டும் ஒன்றா என்று கேட்பதே அச்செயல். விடை ஒரு தனி எண்ணாக இருந்தால் இதில் சிக்கல் இல்லை. விடை ஒரு தொகுதியாக இருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஒரு மருத்துவமனையில், நோயாளி ஒருவருக்கு இன்று கொடுக்க வேண்டிய மருந்துகளை எடுத்துத் தரும் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தரும் விடை நான்கு சீட்டுகள்: இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, வைட்டமின் மாத்திரை ஒன்று, நீரிழிவுக்கு உரிய மாத்திரை காலையில் ஒன்று, அதே மாத்திரை இரவில் ஒன்று. சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே இருக்கின்றன. ஆதலால் நீரிழிவு மாத்திரைக்கு உரிய இரு சீட்டுகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இந்த நான்கும் எந்த வரிசையில் வந்தாலும் நிரல் சரியே. ஆனால் நீரிழிவு மாத்திரை ஒரு முறை மட்டும் வந்தால் நிரல் தவறு. அத்தவற்றினால் துன்புறுபவர் நோயாளி.

இதற்குச் சோதனை எழுதும் இளைஞர் முதலில் என்ன செய்கிறார்? நான்கு சீட்டுகளையும் ஒரு பட்டியலாக எழுதி, கிடைத்த பட்டியலோடு ஒப்பிடுகிறார். பட்டியலுக்கும் பட்டியலுக்கும் ஒப்புமை என்றால், முதலாவது முதலாவதற்கும் இரண்டாவது இரண்டாவதற்கும் பொருந்த வேண்டும் என்பது கருவியின் பொருள். அன்றைக்குச் சோதனை வெற்றி பெறுகிறது. ஒரு மாதம் கழித்து, நிரலில் ஒரு சொல்லையும் மாற்றாத நிலையில், அது தோற்கிறது. மீண்டும் ஓட்டினால் வெற்றி. மறுபடியும் ஓட்டினால் தோல்வி!

இந்தப் புதிருக்குக் காரணம் பொருள்களைக் கணிப்பொறி அடுக்கி வைக்கும் முறையிலே இருக்கிறது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் சிறு அறைகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஊர்ப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ஊழியரின் கை உரிய அறைக்குப் போகிறது. கணிப்பொறியும் அவ்வாறே ஒரு பெயரைக் குழைத்து ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுக்கு உரிய அறையில் பொருளைப் போட்டு வைக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1953-இல் ஓர் அலுவலகக் குறிப்பில் எழுதி வைத்த கருத்து இது. ஹாஷ் அட்டவணை என்று இப்போது வழங்குகிறது. பொருளைத் தேடி எடுப்பதற்கு இதைவிட விரைவான வழி அரிது. ஆனால் அறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தால், கடிதங்கள் போட்ட வரிசையிலா வெளிவரும்? அறைகளின் வரிசையிலே வரும். அந்த வரிசைக்கும் நம் நோக்கத்துக்கும் தொடர்பே இல்லை.

அப்படியானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வர வேண்டுமே, ஏன் மாறுகிறது என்று கேட்கலாம். பழைய நாளில் பெரும்பாலும் மாறாமலேதான் இருந்தது. பிறகு கள்வர்கள் வந்தார்கள். ஒரே அறையில் போய் விழும்படியான பெயர்களை ஆயிரக்கணக்கில் திட்டமிட்டு அனுப்பினால், அந்த ஓர் அறை நிரம்பி வழிந்து, இயந்திரம் மூச்சுத் திணறும் என்பதை ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்பி, வாலக் என்ற இருவர் 2003-இல் எழுதிக் காட்டினர். அன்று பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2011 டிசம்பரில் பெர்லின் நகரில் நடந்த மாநாடு ஒன்றில், வழக்கில் உள்ள பல மொழிகள் இத்தாக்குதலுக்கு ஆளாகும் என்று மெய்ப்பித்துக் காட்டப்பட்ட பின்னரே எல்லோரும் விழித்துக்கொண்டனர். நிரல் தொடங்கும்போதெல்லாம் ஓர் இரகசிய எண்ணைத் தானே தேர்ந்து, குழைக்கும் வேலையில் அதையும் சேர்த்துக்கொள்வது என்பது அவர்கள் கண்ட மாற்று. எந்தப் பெயர் எந்த அறைக்குப் போகும் என்பதைக் கள்வனால் முன்கூட்டி அறிய முடியாது, நம்மாலும் முடியாது. 2012-இல் வெளிவந்த பைத்தான் மொழியின் 3.3 பதிப்பும், 2013-இல் வந்த பெர்ல் மொழியின் 5.18 பதிப்பும் இதனை இயல்பான ஏற்பாடாகவே செய்துவிட்டன. நம் இளைஞரின் சோதனை ஒரு நாள் வென்று மறுநாள் தோற்பதன் மூலம் இத்தகைய ஏற்பாடுகளே.

2012-இல் முதற்பதிப்பு வெளிவந்த கோ என்னும் மொழியை வகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். எந்த வரிசைக்கும் தாங்கள் உறுதி கூறவில்லை என்று ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது, எவரேனும் நம்பிவிடுவர் என்று கருதி, அட்டவணையைச் சுற்றி வரும் வரிசையை வேண்டுமென்றே கலைத்து வைத்தனர். ஜாவாவின் 9-ஆம் பதிப்பும் 2017-இல் தன் புதிய மாறாத் தொகுதிகள் சிலவற்றில் இதே வழியைப் பின்பற்றியது. இது கடுமையான மருத்துவம் என்று சிலர் குறை கூறுகின்றனர். எனக்கு இது மிக நல்ல மருத்துவமாகவே தோன்றுகிறது. என்றோ ஒரு நாள் உடையப்போகும் கிளையை, நாம் அதன்மேல் ஏறி உட்கார்வதற்கு முன்பே அசைத்துக் காட்டுகின்றனர் அல்லவா? பைத்தான் மொழியோ தன் அகராதி என்னும் அமைப்புக்கு மட்டும் எதிர்த் திசையில் சென்றது. போட்ட வரிசையிலேயே எடுக்கப்படும் என்று 2018-இல் வந்த 3.7 பதிப்பில் உறுதி கூறிவிட்டது. அதன் கணங்களுக்கு அந்த உறுதி கிடையாது. இவ்வேறுபாட்டை மறந்து இடறுவோர் பலர்.

சோதனை அவ்வப்போது தோற்றால் என்ன, மறுபடி ஓட்டிக்கொள்ளலாமே என்பார் உண்டு. ஆடு மேய்த்த சிறுவன் 'புலி, புலி' என்று பொய்க் கூச்சலிட்ட கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். நிரலாளர் கூட்டத்திலும் அந்தக் கதைதான் நடக்கிறது. கூகுள் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களுடைய சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இவ்வாறு நிலையற்ற விடையைத் தந்தன. சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஏதேனும் ஓர் அளவில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தன. இதற்கு வரிசை மட்டுமே காரணம் அன்று. காலம், வலைத்தொடர்பு முதலிய பல காரணங்கள் உண்டு. ஆயினும் மிக எளிதாகத் தவிர்க்கத்தக்க காரணம் வரிசையே. பத்து முறை பொய்யாகத் தோற்ற சோதனை பதினோராம் முறை உண்மையாகவே தோற்கும்போது, 'இது வழக்கந்தானே' என்று நிரலை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவர்.

இனி மாற்று என்ன என்று பார்ப்போம். முதலில் நினைவுக்கு வருவது, இரண்டு பட்டியல்களையும் கணமாக மாற்றி ஒப்பிடுவது. கணம் என்பது ஜார்ஜ் கான்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்த்த கருத்து. ஒரே உறுப்புகளைக் கொண்ட இரு கணங்கள் ஒன்றே என்பதை எர்ன்ஸ்ட் செர்மேலோ 1908-இல் ஓர் அடிப்படை விதியாகவே அமைத்தார். கணத்தில் வரிசை இல்லை. ஆகையால் நம் தொல்லை தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் கணத்தில் இரட்டிப்பும் இல்லை! ஓர் உறுப்பு இருக்கிறது அல்லது இல்லை. இருமுறை இருக்கிறது என்பதற்கு அங்கே பொருளே கிடையாது. நீரிழிவு மாத்திரைச் சீட்டு இரண்டும் கணத்துக்குள் நுழைந்தவுடன் ஒன்றாகிவிடும். இரவு வேளைச் சீட்டைத் தவறவிட்ட நிரலும் இச்சோதனையில் வெற்றி பெறும். வரிசையால் பொய்யாகத் தோற்ற சோதனையைவிட, இவ்வாறு பொய்யாக வெல்லும் சோதனை கொடியது. முன்னது தொல்லை தரும், ஆனால் கூவும். பின்னது வாய் திறவாது.

சிலர் இதை உணர்ந்து, நீளத்தையும் சேர்த்துப் பார்க்கின்றனர். இரண்டிலும் உறுப்புகளின் தொகை ஒன்றா, முதலாவதில் உள்ளவை எல்லாம் இரண்டாவதில் உண்டா, இரண்டாவதில் உள்ளவை எல்லாம் முதலாவதில் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டுத் திருப்தி அடைகின்றனர். 1, 1, 2 என்பது ஒரு தொகுதி. 1, 2, 2 என்பது மற்றொன்று. இரண்டிலும் தொகை 3. முதலாவதில் உள்ள 1-உம் 2-உம் இரண்டாவதில் உண்டு. இரண்டாவதில் உள்ளவையும் முதலாவதில் உண்டு. மூன்று கேள்விக்கும் 'ஆம்' என்ற விடையே கிடைக்கிறது. தொகுதிகளோ வேறு. மருந்துச் சீட்டில் இதன் பொருள், நீரிழிவு மாத்திரை ஒன்று குறைந்து வைட்டமின் ஒன்று கூடியது என்பது.

மூன்றாவது வழி, இரண்டையும் ஒரே முறையில் அடுக்கி, பின் பட்டியலாக ஒப்பிடுவது. எண்களுக்கும் சொற்களுக்கும் இது முற்றிலும் சரியான வழி. பொருள்கள் சிக்கலானவையாகும்போது, எதை வைத்து அடுக்குவது என்ற கேள்வி எழுகிறது. மருந்தின் பெயரை மட்டும் வைத்து அடுக்குகிறோம் என்று கொள்வோம். ஒரே பெயரில் 250 மில்லிகிராம் ஒன்றும் 500 மில்லிகிராம் ஒன்றும் இருந்தால், அவ்விரண்டில் எது முன், எது பின் என்பதை அந்த அடுக்கு தீர்மானிக்காது. அவை வந்த வரிசையிலேயே நின்றுவிடும்; துரத்திய பூதம் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். அடுக்குவதானால், வேறுபாட்டுக்கு இடமான எல்லாக் கூறுகளையும் வைத்தே அடுக்க வேண்டும்.

சலவைக் குறிப்பேட்டின் வழிதான் நேரானது. எந்தப் பொருள் எத்தனை முறை வந்தது என்று இரு பக்கத்திலும் எண்ணி, எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் போதும். இரட்டிப்புக்கு இடம் தரும் இத்தகைய தொகுதிக்குக் கணிதத்தில் பல்கணம் என்று பெயர் சொல்லலாம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் மல்டிசெட் என்ற சொல்லைப் பரிந்துரைத்தவர் டச்சு நாட்டுக் கணித அறிஞர் டி பிராய்ன் என்று டொனால்டு கனூத் தம் பெருநூலில் குறித்திருக்கிறார். பைத்தான் மொழியின் சோதனைக் கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. 2010-இல் வந்த 2.7 பதிப்பில் 'அசெர்ட் ஐட்டம்ஸ் ஈக்வல்' என்று அதற்குப் பெயர். 2011-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அது 'அசெர்ட் கவுன்ட் ஈக்வல்' ஆகியது. இப்பெயர் மாற்றம் நேர்ந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடும் கட்டளை என்றே புதியவர் எண்ணுவர். உண்மையில் அது ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கையையும் தனித்தனியே ஒப்பிடுகிறது. வேலை செம்மையானது; பெயர்ப் பலகைதான் வழி தவறச் செய்கிறது.

எண்ணுவதற்குப் பொருள்களை ஹாஷ் அறைகளில் போடத்தக்கவையாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாதபோது, எதிர்பார்த்தவற்றுள் ஒவ்வொன்றாக எடுத்து, கிடைத்தவற்றுள் அதற்கு இணையைத் தேடி அடித்துவிட்டுப் போக வேண்டும். இது மெதுவான வழி. 10,000 உறுப்புகள் இருந்தால், மிக மோசமான நிலையில் ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் செய்ய நேரும். எண்ணும் வழியில் இரு பக்கமும் சேர்த்து 20,000 பொருள்களை ஒருமுறை தொட்டாற் போதும். நான்கு சீட்டுகளுக்கு எவ்வழியாயினும் ஒன்றே. சோதனைகளில் வரும் தொகுதிகள் பெரும்பாலும் சிறியவை. ஆகையால் இந்த வேகக் கணக்கில் மனத்தை அலைய விடுவதைவிட, அடித்துச் செல்லும் வழி சரியான விடை தருகிறதா என்று கவனிப்பதே பயனுடையது. ஏனெனில் 'ஒன்று' என்பதற்குப் பதிலாக 'ஏறக்குறைய ஒன்று' என்று வரும்போது அது தவறுகிறது.

இரண்டு பொருள்களின் எடையை அளக்கும் நிரல் ஒன்று. ஒரு கிராம் வேறுபாடு வரை பொறுத்துக்கொள்ளலாம். எதிர்பார்ப்பவை 11-உம் 10-உம். கிடைத்தவை 10-உம் 12-உம். முதலில் 11-ஐ எடுக்கிறோம். கிடைத்தவற்றுள் முதலில் நிற்கும் 10 ஒரு கிராமுக்குள் இருப்பதால் அதை அடித்துவிடுகிறோம். அடுத்து 10-ஐ எடுத்தால் எஞ்சி நிற்பது 12. வேறுபாடு 2, சோதனை தோல்வி. ஆனால் 11-ஐ 12-ஓடும், 10-ஐ 10-ஓடும் சேர்த்திருந்தால் இரண்டும் பொருந்தியிருக்கும்! கண்ணில் பட்ட முதல் வரனுக்கு மூத்த பெண்ணைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு மாப்பிள்ளை இல்லையே என்று தவிக்கும் தந்தையின் நிலை இது.

உவமை வேடிக்கைக்காகச் சொன்னதன்று. 1935-இல் பிலிப் ஹால் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் நிறுவிய உண்மையொன்றுக்குத் திருமணத் தேற்றம் என்றே பெயர் வழங்குகிறது. பெண்களில் எத்தனை பேரைக் கூட்டமாக எடுத்துக்கொண்டாலும், அக்கூட்டத்தில் எவருக்கேனும் ஏற்புடைய வரன்கள் அக்கூட்டத்தின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால், எல்லோருக்கும் மணம் முடிக்க இயலும். இல்லாவிடில் இயலாது என்பது அதன் சாரம். எடை போன்ற ஒற்றை எண்களுக்கு இரு பக்கத்தையும் ஏறுவரிசையில் அடுக்கிக்கொண்டாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் எதிர்பார்ப்புகள் பலவகை நிபந்தனைகளாக இருக்கும்போது, முழுப் பொருத்தத்தைத் தேடும் முறையொன்று இன்றியமையாதது. கூகுள் நிறுவனத்தார் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு அமைத்த சோதனைக் கருவியில் வரிசையற்ற ஒப்பீடு இந்த முழுப் பொருத்த முறையிலேயே நடக்கிறது. எல்லாக் கருவிகளும் அவ்வாறு செய்வதில்லை. பயன்படுத்துவோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பீடு சரியாக நடந்தாலும், தோல்வியை அறிவிக்கும் மொழியும் சரியாக இருத்தல் வேண்டும். 'சமம் இல்லை' என்று மட்டும் சொல்லி, முந்நூறு வரிகளைக் கொட்டும் கருவி யாருக்குப் பயன்? 'நீரிழிவு மாத்திரை: எதிர்பார்த்தது 2, கிடைத்தது 1' என்று ஒரே வரியில் சொல்லுமானால், பார்ப்பவர் அரை நிமிடத்தில் பிழை இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். எண்ணும் முறையின் மற்றொரு சிறப்பு, இந்த வரி அதிலிருந்து தானாகவே பிறக்கிறது என்பது.

இதுவரை கேட்டவர்கள், இனி எல்லாச் சோதனைகளிலும் வரிசையைப் புறக்கணிக்கலாம் என்று எண்ணிவிடலாகாது. தேடு கருவி தரும் விடைகளில் முதலில் நிற்பது முதலில் நிற்க வேண்டும். மருத்துவர் அறையின் வாயிலில் காத்திருப்போர் பட்டியலில் வரிசையே உயிர். அங்கே வரிசையற்ற ஒப்பீட்டைப் புகுத்தினால், வரிசை குலைந்ததையும் சோதனை ஏற்றுக்கொள்ளும். தோற்கும் சோதனையை வெல்லச் செய்வதற்காகவே வரிசையற்ற கட்டளையை இட்டு நிரப்பும் வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. அது காய்ச்சலுக்காக வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும். நிரல் வரிசையை உறுதி கூறுகிறதா இல்லையா என்பதை முதலில் தீர்மானித்த பிறகே ஒப்பீட்டு முறையைத் தேர வேண்டும்.

தரவுத்தளங்களில் இந்தத் தீர்மானம் சற்று நுட்பமானது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் தொடர்பு முறைத் தரவுத்தளத்தை முன்மொழிந்தபோதே, நிரல்கள் பதிவுகளின் வரிசையைச் சார்ந்து நிற்பதை ஒழிக்க வேண்டிய குறைகளில் ஒன்றாகக் குறித்தார். வரிசைப்படுத்தும்படி கேளாவிட்டால் எந்த வரிசையிலும் விடை வரலாம். 2008-இல் வந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 8.3 பதிப்பில், ஒரே பெரிய அட்டவணையை ஒரே நேரத்தில் இருவர் படிக்க நேர்ந்தால், இரண்டாமவர் முதலாமவர் நிற்கும் இடத்திலிருந்தே சேர்ந்து படிக்கத் தொடங்கும் ஏற்பாடு வந்தது. வட்டுக்கு வேலை மிச்சம். வரிசைக்குத்தான் உறுதி இல்லை. தேதிவாரியாக வரிசைப்படுத்தும்படி கேட்டாலும், ஒரே தேதியில் உள்ள பதிவுகளுக்குள் எது முந்தும் என்பது கட்டுப்படாதது. இவ்விடத்தில் வரிசையுள்ள ஒப்பீடும் தவறு, வரிசையற்ற ஒப்பீடு மட்டுமும் தவறு. சோதனையை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். தேதிகள் இறங்காமல் ஏறிச் செல்கின்றனவா என்று ஒன்று; பதிவுகள் ஒவ்வொன்றும் உரிய எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று மற்றொன்று. இரண்டில் எது தோற்றது என்பதைக் கொண்டே, அடுக்கும் பகுதியில் பிழையா, எடுத்துத் தரும் பகுதியில் பிழையா என்று தெரிந்துவிடும்.